ஒரே வேதியியல், நான்கு கற்கள்: சமையல் மேடைக்கு எந்தக் கருங்கல்?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பிக்கும்போது, வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி, அடுப்பு மேடைக்கு என்ன போடலாம் என்பது. நம் வீடுகளில் பெரியவர் ஒருவர் இருந்தால் விவாதம் நீளாது. “கறுப்புக் கிரானைட் போடுங்கள், மஞ்சள் கறை தெரியாது” என்று முடித்துவிடுவார். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கற்பட்டறையில் கறுப்பு என்ற பெயரில் ஏழெட்டுப் பலகைகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். ஒன்று மை போல, ஒன்று லேசான பச்சை, ஒன்றில் பொன் புள்ளிகள், இன்னொன்றில் ஊசி ஊசியாக மினுமினுப்பு. விலையும் ஒன்றாக இல்லை. எதை எடுப்பது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை கிரானைட்டே அல்ல. கிரானைட்டில் சிலிக்கா 70 சதவீதம் அளவில் இருக்கும், பொட்டாஷ் (பொட்டாசியம் ஆக்சைடு) 4 முதல் 5 சதவீதம் இருக்கும். இந்தக் கறுப்புக் கற்களோ, எரிமலைக் குழம்பு உறைந்து வரும் கரும்பாறையான பசால்ட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிலிக்கா 45 முதல் 52, அலுமினா 15 அருகில், இரும்பு ஆக்சைடு 10 முதல் 12, கால்சியம் ஆக்சைடு 10 அருகில், மக்னீசியம் ஆக்சைடு 6 முதல் 8, பொட்டாஷ் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த இந்த வகைக்கு மாஃபிக் பாறை என்று பெயர். கல் வியாபாரத்தில் பளபளப்பு ஏறுகிற கெட்டியான கல் எல்லாமே கிரானைட்தான், அதில் சண்டை போட்டுப் பயனில்லை. கிரானைட் கதிர்வீச்சு விடும் என்று இணையத்தில் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அதற்குக் காரணமான பொட்டாசியம், யுரேனியம், தோரியம் மூன்றுமே மாஃபிக் பாறைகளில் மிகக் குறைவு.

பாறை பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் உறவினர்கள் மாதிரித் துண்டையும் கல் வியாபாரி கொடுத்த அறிக்கையையும் கொண்டுவந்து நீட்டுவது வழக்கம். அறிக்கையில் வேதியியல் அட்டவணைதான் பெரிதாக இருக்கும். இரண்டு கற்களின் அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிலிக்கா 49 நல்லதா 50 நல்லதா என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றுதான். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு கல்லைத் தேர்வுசெய்ய முடியாது.

ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே பசால்ட் குழம்பு உறைந்து பாறையான பிறகு, பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூட்டில், எவ்வளவு தண்ணீரோடு இருந்தது என்பதைப் பொறுத்து வெவ்வேறு கனிமங்களாக மறுபடி அடுக்கப்படுகிறது. 300 முதல் 450 டிகிரிக்குள் குளோரைட், ஆக்டினோலைட், எபிடோட், ஆல்பைட் சேர்ந்த பச்சைக் கல் ஆகிறது. 500 முதல் 700 வரை போனால் ஹார்ன்பிளெண்ட் என்ற கரிய கனிமமும் பிளாஜியோகிளேஸ் என்ற வெண்கனிமமும் சேர்ந்த ஆம்பிபோலைட். அதற்கும் மேலே தண்ணீர் வெளியேறி, பைராக்சீன்களும் பிளாஜியோகிளேஸும் கொண்ட கிரானுலைட். சூட்டை விட அழுத்தம் மிகுந்தால் கார்னெட்டும் ஓம்ஃபசைட்டும் கொண்ட எக்லோகைட். ஃபின்லாந்தின் பென்ட்டி எஸ்கோலா 1920-இல் உருமாற்ற நிலைகளை (சூடும் அழுத்தமும் பாறையை மாற்றும் படிகளை) வகைப்படுத்தியபோது பல நிலைகளுக்கு மாஃபிக் பாறைகளின் பெயரையே வைத்ததற்குக் காரணம் இதுதான். இந்தப் பாறைகள் சூட்டையும் அழுத்தத்தையும் கனிமங்களில் அவ்வளவு துல்லியமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய தனிமங்களின் விகிதமோ இத்தனை மாற்றத்துக்கும் பெரிதாக அசைவதில்லை. டைட்டானியம், சிர்க்கோனியம், இட்ரியம், நியோபியம் போன்றவை இன்னும் பிடிவாதமானவை. அவற்றை வைத்து அந்தக் குழம்பு நடுக்கடல் மலைத்தொடரில் பிறந்ததா, எரிமலைத் தீவு வரிசையில் பிறந்ததா என்று ஆய்வாளர்கள் கணிப்பார்கள். அழகான வேலைதான், ஆனால் தோசைக்கல்லை இறக்கி வைக்கும் இடத்துக்கு அது தேவையில்லை.

அட்டவணையில் நமக்கு உதவும் வரி ஒன்றே ஒன்று, கடைசி வரி: எரிப்பு இழப்பு. கல்லைப் பொடித்து உயர் சூட்டில் எரிக்கும்போது எவ்வளவு எடை குறைகிறது என்பது. குறைவது பெரும்பாலும் கனிமங்களுக்குள் கட்டுண்ட தண்ணீரும் கரியமில வாயுவும். பைராக்சீனில் தண்ணீர் கிடையாது, ஹார்ன்பிளெண்டில் சுமார் 2 சதவீதம், டால்க்கில் 5-க்குச் சற்றுக் கீழே, குளோரைட்டில் 12 அருகில், சர்பென்டைனில் 13 அருகில். எனவே எரிப்பு இழப்பு 1-க்குக் கீழே என்றால் டோலரைட் அல்லது கிரானுலைட், 1 முதல் 2 என்றால் ஆம்பிபோலைட்டாக இருக்கலாம், 3-ஐத் தாண்டினால் உள்ளே குளோரைட்டோ கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமோ இருக்கிறது என்று சந்தேகப்படலாம். தண்ணீர் கூடக்கூடக் கல் மென்மையாகிறது என்பது பொதுவாகச் சரிவரும் கணக்கு.

டோலரைட்

கடையில் ‘அப்சலூட் பிளாக்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர், தமிழ்நாட்டின் குன்னம் பக்கத்துக் கல் எல்லாம் இந்த வகை. பழைய பாறையின் வெடிப்புகளில் குழம்பு சுவர் போல ஏறி உறைந்தது. தென்னிந்தியாவில் இப்படிப்பட்ட சுவர்ப்பாறைகள் பல 200 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. பெங்களூரு வட்டாரத்தில் ஒரு தொகுதிக்கு 237 கோடி ஆண்டுகள் என்று வயது கணித்திருக்கிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது உருமாறிய பாறை அல்ல. ஆனால் முழுக்க மாறாமலும் இருப்பதில்லை. பைராக்சீனின் ஓரங்கள் ஆம்பிபோலாக (ஹார்ன்பிளெண்ட் சேர்ந்த கனிமக் குடும்பம்) மாறத் தொடங்கியிருக்கும். பிளாஜியோகிளேஸ் இயல்பில் வெண்மையானது, இந்தச் சுவர்ப்பாறைகள் பலவற்றில் அதற்குள் நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் படிந்து அதுவும் இருண்டிருக்கும். கல் இவ்வளவு கறுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். லேசான வெப்ப உருமாற்றத்தின் விளைவு அது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இதன் பலம் பின்னலில் இருக்கிறது. பிளாஜியோகிளேஸ் பட்டைகள் எல்லாத் திசைகளிலும் ஓடிப் பைராக்சீன் மணிகளுக்குள் செருகிக்கொண்டிருக்கும். இரண்டின் கடினமும் மோஸ் அளவில் (1 மிக மென்மை, 10 வைரம்) 5-க்கும் 6.5-க்கும் இடையில். எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். நீர் உறிஞ்சுவது மிகக் குறைவு. கிரானைட்டுக்கான அமெரிக்கத் தர அளவு 0.40 சதவீதம் வரை அனுமதிக்கிறது, நல்ல டோலரைட் அதற்கு வெகு கீழே நிற்கும். மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்க வழியில்லை. சீலர் பூசுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உறிஞ்சாத கல்லின் மேல் அது மங்கலான படலமாக நின்றுவிடும்.

குறையும் உண்டு. பளபளப்பாக மெருகேற்றிய கறுப்பில் கைரேகை, மாவுத் தூள், காய்ந்த தண்ணீர்ப் புள்ளி எல்லாம் தெரியும். மஞ்சள் தெரியாது என்று வீட்டுப் பெரியவர் சொன்னது சரி, அரிசி மாவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மங்கலான மெருகு போட்டால் இந்தத் தொல்லை பாதியாகும். பொன் புள்ளிகளுள்ள ‘பிளாக் கேலக்ஸி’ ஆந்திரத்தின் ஓங்கோலுக்குப் பக்கத்தில் சீமகுர்த்தியில் எடுக்கும் கேப்ரோ (டோலரைட்டின் கனிமங்களே பெரிய மணிகளாக வளர்ந்தது) வகைக் கல். புள்ளிகள் பிரான்சைட் என்ற பைராக்சீனின் மினுக்கம், தங்கமும் அல்ல, தாமிரமும் அல்ல. உழைப்பில் டோலரைட்டுக்கு நிகர், விலையில் உள்ள வேறுபாடு அழகுக்கானது.

சிங்கப்பூரிலும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு கிளை உண்டு. புக்கிட் தீமா கிரானைட்டைப் பலருக்கும் தெரியும், புக்கிட் கோம்பாக் பக்கத்தில் இருக்கும் கேப்ரோ, நோரைட் பாறைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய நில வரைபடங்களில் கோம்பாக் நோரைட் என்றே குறித்திருப்பார்கள். நம் ஊர்க் கற்குழிகள் உடைகல்லுக்காகத் தோண்டப்பட்டவை, மேடைப் பலகைகள் எல்லாம் இறக்குமதிதான்.

ஆம்பிபோலைட்

அழகுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான் இதற்குத்தான் போடுவேன். ஊசி ஊசியாக மினுமினுப்பது ஹார்ன்பிளெண்ட். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அதன் பிளவுத் தளங்கள் 56, 124 டிகிரிக் கோணங்களில் சந்திப்பது தெரியும், பைராக்சீனில் அது கிட்டத்தட்டச் செங்கோணம். சில வகைகளில் சிவந்த கார்னெட் மணிகள் தெளித்தாற்போல் இருக்கும், எபிடோட்டின் பிஸ்தாப் பச்சைக் கோடுகள் ஓடும். டோலரைட்டுக்கு இந்த முகம் கிடையாது.

கடினம் குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஹார்ன்பிளெண்ட் 5 முதல் 6, பைராக்சீனோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை. எடையும் அதே அளவு. பிரச்சினை திசையில் இருக்கிறது. மலைத்தொடர்கள் உருவாகும்போது அழுந்தி இழுபட்ட பாறை என்பதால் ஹார்ன்பிளெண்ட் ஊசிகள் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், அடுக்கடுக்காகப் பிரியும் தன்மை வந்துவிடும். கல்லின் வலிமை ஒரு திசையில் நன்றாகவும் இன்னொரு திசையில் மோசமாகவும் இருக்கும். அடுப்புக்கும் தொட்டிக்கும் துளை வெட்டும்போது முன்பக்கம் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும் அல்லவா, அடுக்கு அந்தப் பட்டைக்குக் குறுக்கே ஓடினால் தூக்கும்போதே முறிந்துவிடலாம். அடுக்கு பலகையின் முகத்தோடு இணையாகப் படுத்திருந்தால் விளிம்பில் செதில் செதிலாக உரியும்.

பயோடைட் என்ற கறுப்பு மைக்கா கலந்திருந்தால் இன்னொரு தொல்லை. அதன் கடினம் 2.5 முதல் 3, மெருகேற்றும்போது பெயர்ந்து வந்து நுண்குழிகளை விட்டுவிடும். நம் சமையலில் அந்தக் குழிகளில் எது போய் உட்காரும் என்று சொல்லத் தேவையில்லை. கார்னெட் நேர்மாறு. 6.5 முதல் 7.5 வரை கடினம் என்பதால் சுற்றிலும் தேய்ந்து அது மட்டும் லேசாக மேடு கட்டி நிற்கும், தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியும். எனக்கு அது பிடிக்கும். சப்பாத்தி மாவைக் கல்லிலேயே தேய்க்கிறவர்களுக்குப் பிடிக்காது.

அடுக்கு இல்லாத, மணிமணியான ஆம்பிபோலைட்டும் உண்டு. அது கிடைத்தால் டோலரைட்டுக்குச் சமமாகவே நினைத்து எடுக்கலாம். சில ஆம்பிபோலைட்டுகளில் ஆக்டினோலைட் இழைநாராக, அதாவது கல்நாராக, வளர்ந்திருக்கலாம் என்பதால் வீட்டில் வைத்து உலர்வெட்டுச் செய்ய மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். எந்தக் கல்லானாலும் பட்டறையில் தண்ணீர் ஊற்றி வெட்டி வருவதே முறை.

கிரானுலைட்

தரத்தை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடத்துக்கு வர வேண்டும். ஆம்பிபோலைட்டை இன்னும் சூடாக்கினால் ஹார்ன்பிளெண்டும் குவார்ட்ஸும் வினைபுரிந்து இரண்டு வகைப் பைராக்சீன்களையும் பிளாஜியோகிளேஸையும் தந்து தண்ணீரை வெளியேற்றிவிடும். மைக்கா கரைந்து போய்விடும். நீண்ட காலம் அந்தச் சூட்டிலேயே கிடந்ததால் மணிகள் ஒன்றையொன்று அனுசரித்து, மூன்று மணிகள் சந்திக்கும் இடத்தில் சுமார் 120 டிகிரிக் கோணங்களோடு அமைதியாகிவிடும். ஊசிகள் இல்லை, செதில்கள் இல்லை. மெருகு சீராக ஏறும்.

தமிழ்நாடு இந்தப் பாறைகளின் தாய்வீடுகளில் ஒன்று. சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையைத்தான் தாமஸ் ஹாலந்து 1893-இல் சார்னகைட் என்று பெயரிட்டார், கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லும் அதே பாறை என்பதால். மாமல்லபுரத்தில் குடைந்த பாறையும் சார்னகைட்தான். சார்னகைட் கிரானைட்டுக்கு நெருங்கிய வேதியியல் கொண்டது, ஆனால் அதனோடு சேர்ந்தே கரிய மாஃபிக் கிரானுலைட் பட்டைகளும் ஓடும். நீலகிரிப் பகுதி சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் இருந்தது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அடுக்கடுக்கான மாஃபிக் பாறைத் தொகுதி ஒன்று முழுதாக உருமாறிக் கிடக்கிறது. அதன் அனார்தோசைட் என்ற வெண்பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலவு மண் போன்ற மாதிரியை இஸ்ரோ தயாரித்தது.

இத்தனை பெருமை இருந்தும் சிங்கப்பூரில் மேடைக்கு இதைத் தேடிப் போகச் சொல்ல மாட்டேன். பட்டைகள் சீராக இல்லாததால் ஒரே முகமுள்ள இரண்டு பலகைகள் கிடைப்பது கடினம். வெளிக்கிளம்பி வரும் வழியில் மறுபடி தண்ணீர் புகுந்த இடங்களில் பைராக்சீன் குளோரைட்டாகத் திரும்பியிருக்கும், அந்த இடம் மட்டும் மென்மையாக இருக்கும். கடையில் தற்செயலாக ஒரு நல்ல பலகை கண்ணில் பட்டால், அது போதுமான நீளமும் இருந்தால், யோசிக்காமல் எடுங்கள்.

பச்சைக் கல்லும் மாக்கல்லும்

குளோரைட் மிகுந்த பச்சைக் கல்லை மேடைக்குப் போடாதீர்கள். குளோரைட்டின் கடினம் 2 முதல் 2.5, கத்தி கோடு போட்டுவிடும். அதை விடப் பெரிய ஆபத்து கால்சைட் கோடுகள். எலுமிச்சையும் புளியும் பட்ட இடத்தில் அவை அரித்து மெருகு போய்விடும். ‘பச்சைப் பளிங்கு’ என்று விற்கும் ராஜஸ்தான் சர்பென்டினைட் பலகைகளுக்கும் இதே எச்சரிக்கை. பூஜை அலமாரிக்கு, வரவேற்பறைச் சுவருக்கு என்றால் அவற்றை விட அழகான கல் கிடையாது.

மாக்கல் வேறு கதை. மாஃபிக் பாறையை விட மக்னீசியம் இன்னும் மிகுந்த பாறைகள் உருமாறி வந்தது, முக்கியமாக டால்க், கூடக் குளோரைட்டும் மேக்னசைட்டும். நம் கல்சட்டி இந்தக் கல்லில் செய்வதுதான். டால்க்கின் கடினம் 1 என்பதால் கீறல் விழுவது உறுதி, ஆனால் அமிலம் அதை எளிதில் தொடாது, கறை இறங்காது, கொதிக்கும் பாத்திரத்தை நேராக வைக்கலாம், கீறலை மணல்தாளால் தேய்த்தே போக்கலாம். ரொட்டி, கேக் சுடுகிறவர்கள் விரும்புவார்கள். தேங்காய் உடைக்கிற வீட்டுக்கு ஒத்துவராது.

எக்லோகைட் கார்னெட் சிவப்பும் ஓம்ஃபசைட் பச்சையும் கலந்த அரிய கல், அடர்த்தி 3.4-ஐத் தாண்டும். பார்த்து மகிழலாம், வாங்கக் கிடைக்காது.

குவார்ட்ஸ் பலகையைப் பற்றி

சீரான நிறம் வேண்டும், பராமரிப்பு வேண்டாம் என்கிறவர்களின் நியாயமான தேர்வுதான். ஆனால் அது பொடித்த குவார்ட்ஸைப் பிசினில் பிணைத்தது. பிசின் 150 டிகிரிக்கு மேல் தாங்காது என்று வைத்துக்கொள்வது நல்லது, தாளித்த இரும்புச் சட்டி அதைத் தாண்டிவிடும். மாஃபிக் கல்லில் ஹார்ன்பிளெண்டைக் குலைக்கவே பல நூறு டிகிரி வேண்டும். இன்னொரு காரணம் நம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பலகைகள் பலவற்றில் சிலிக்கா 90 சதவீதத்தையும் தாண்டும், வெட்டுகிறவர்களின் நுரையீரலை அந்தத் தூசி அழிக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளைத் தடைசெய்தது. டோலரைட்டில் சிலிக்கா 50 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் அது பிளாஜியோகிளேஸுக்குள்ளும் பைராக்சீனுக்குள்ளும் கட்டுண்டது, நுரையீரலைக் கெடுக்கும் தனிக் குவார்ட்ஸ் மிகச் சொற்பம். வேதியியல் அட்டவணை இந்த வேறுபாட்டையும் காட்டாது.

வாங்கும் முன்

நான் என் வீட்டுக்குச் சொல்வது டோலரைட், மங்கலான மெருகு. அடுக்கில்லாத ஆம்பிபோலைட் கண்ணில் பட்டால் அதற்கு மாறிக்கொள்வேன். இரண்டுக்கும் ஒரே சோதனைகள்தான். உள்ளங்கை அளவு வெட்டுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சமையல் தராசில் நிறுத்து, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுங்கள். 300 கிராம் துண்டு தண்ணீரில் 100 கிராம் குறைந்தால் அடர்த்தி 3.0, மாஃபிக் கல்தான். 113 கிராம் குறைந்தால் உண்மையான கிரானைட். 125 அருகில் என்றால் பிசின் பலகை. பிறகு மெருகேற்றிய பக்கத்தில் எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு கவிழ்த்து வையுங்கள், மங்கிய வளையம் விழுந்தால் கால்சைட் இருக்கிறது. வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் தேயுங்கள், துணி கறுத்தால் சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். பித்தளை போல மின்னும் புள்ளிகள் இருந்தால் பைரைட், நம் ஊர் ஈரத்தில் நாளடைவில் துரு வழியும். கத்தியால் கீறிப் பார்க்கும்போது வெள்ளிக் கோடு விழுந்தால் பதறாதீர்கள், விரலால் துடைத்துப் பாருங்கள், அழிந்துவிட்டால் தேய்ந்தது கத்திதான்.

பாறையியல் அறிக்கை கேட்டால் நல்ல இறக்குமதியாளர் தருவார். ஐரோப்பியத் தரவிதியான ஈஎன் 12440, வணிகப் பெயரோடு பாறையின் உண்மையான பெயரையும் எடுத்த இடத்தையும் சொல்லக் கோருகிறது. அறிக்கையில் கனிம விகிதப் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்று மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள டோலரைட் பலகை ஏறக்குறைய 108 கிலோ. அலமாரிச் சட்டம் அதைத் தாங்குமா, பலகை மின்தூக்கிக்குள் நுழையுமா, இல்லை இணைப்பு வைக்க வேண்டுமா என்பதை அளவெடுக்க வருகிறவரிடமே கேட்டுவிடுங்கள். ஆம்பிபோலைட் எடுத்திருந்தால் பட்டறைக்கு நேரில் போய், தொட்டித் துளையின் நீளவாக்கு ஊசிகள் ஓடும் திசையிலேயே அமையும்படி சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.